1966 எம்ஜிபிக்குப் பொருந்திய ஆல்டர்னேட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பரில் ஒரு மாலை. ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, கார் சார்ஜ் ஆகேல்லைப் போல கிடக்கு. சிக்னல்ல நிக்கேக்க லைட் மங்குது. இண்டிகேட்டர் போட்டா மெல்ல மெல்ல அடிக்குது. டாஷ்போர்டுல சார்ஜுக்கான அந்தச் சிவப்பு லைட்டும் லேசா எரிஞ்சுகொண்டிருக்கு."

இங்கே இங்கிலாந்தில், கவென்ட்ரியில் வண்டிகளின் மின்வேலைதான் என் தொழில். அவருடைய கார் 1966-ல் அபிங்டன் ஆலையில் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1798 சிசி எஞ்சின். ஊரில் அவருடைய அப்பா ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கார் வைத்து யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓட்டியவர். நான் கை பழகியது சென்னையில் பாடி என்ற இடத்தில், லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஷெட்டில், அம்பாசிடர் வண்டிகளில். எம்ஜிபியின் பானட்டைத் திறந்தால் எங்கள் இருவருக்கும் தெரிந்த முகம்தான். கேம்பிரிட்ஜிலும் அம்பாசிடரிலும் இருந்த 1489 சிசி எஞ்சினும் இதுவும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். இடப்பக்கம் கார்புரேட்டர், வலப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் பில்டர், முன்னால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோ. கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கலாம்.

ஆனால் இந்த வண்டியில் டைனமோ இருந்த இடத்தில், அதே வேலையைச் செய்யும் பிந்திய வகையான ஓர் ஆல்டர்னேட்டர் இருந்தது. எல்லாச் சிக்கலும் அங்கே தொடங்கியது.

ஒரே பெயர், நாலு விதம்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால் உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. எல்லாமே "எம்ஜிபிக்குப் பொருந்தும்" என்ற ஒரே வரியோடு விற்பனைக்கு வருகிறது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் சார்ஜ் செய்யும் ஏற்பாடு எத்தனை முறை மாறியது என்பதை அந்த வரி சொல்வதில்லை.

1967 வரை வந்த வண்டிகளில் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் சி40 டைனமோ, 22 ஆம்பியர். எஞ்சின் அறையின் பக்கச் சுவரான இன்னர் விங்கில், டைனமோவின் வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்பி340 கன்ட்ரோல் பாக்ஸ். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் கட்-அவுட் என்பார்களே, அதுதான். எர்த்தாக வண்டியின் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ். இருக்கைக்குப் பின்னால், தரைக்கு அடியில், 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராகக் கட்டி 12 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோது எர்த் நெகட்டிவுக்கு மாறியது, டைனமோ போய் 16ஏசி என்ற ஆல்டர்னேட்டர் வந்தது. அதற்கு வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளே கிடையாது. 4டிஆர் என்ற தனிப் பெட்டியாக வெளியே இருக்கும். கொஞ்ச காலத்தில் 16ஏசிஆர் வந்தது. கடைசியில் சேர்ந்த அந்த 'ஆர்' ரெகுலேட்டரைக் குறிக்கிறது; இப்போது அது முதுகுப்புற மூடிக்குள்ளேயே இருந்தது. 34 ஆம்பியர். அப்புறம் அதே உருவத்தில் 17ஏசிஆர் 36 ஆம்பியரும், 18ஏசிஆர் 45 ஆம்பியரும் வந்தன.

வெளியிலிருந்து பார்த்தால் 16ஏசியும் 16ஏசிஆரும் அண்ணன் தம்பி. மாற்றிப் போட்டால் ஒன்று சார்ஜ் ஆகாது, அல்லது ஏதாவது கருகும்.

அண்ணன் இந்தக் காரை வாங்கும்போதே யாரோ ஒருவர் மாற்றங்கள் செய்து முடித்திருந்தார். எர்த் நெகட்டிவ் ஆக்கப்பட்டிருந்தது. டைனமோவைக் கழற்றிவிட்டு 16ஏசிஆர் மாட்டியிருந்தார்கள். ஆர்பி340 பெட்டியை மட்டும் தூக்கி எறியாமல், அதன் உட்பாகங்களை எடுத்துவிட்டு, வயர்களை உள்ளேயே சேர்த்து முறுக்கி மூடியிருந்தார்கள். பார்க்க 1966 வண்டி போலவே இருக்கும். வேலை சுத்தமான வேலைதான். ஆனால் என்ன செய்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட அவர்கள் வைக்கவில்லை.

பழுது ஆல்டர்னேட்டரில்தானா?

சார்ஜ் ஆகவில்லை என்றதும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற ஓடுகிறவர்கள் பலர். நான் முதலில் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பேன். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கவேண்டும்; சரியாகவே இருந்தது. பேட்டரிகளை ஒரு இரவு சார்ஜரில் போட்டுவிட்டு மறுநாள் தனித்தனியாக அளந்தேன். இரண்டும் 6.3 வோல்ட்டுக்கு மேல். இரட்டை பேட்டரி வண்டியில் தனித்தனியாக அளப்பது முக்கியம். ஒன்று செத்திருந்தாலும் மொத்தக் கணக்கில் ஆல்டர்னேட்டர் மேல்தான் பழி விழும்.

எஞ்சினை ஓட்டி 2500 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்தேன். 12.9 வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டதும் 11.9. நல்ல நிலையில் 14-ஐத் தாண்டி நிற்கவேண்டும். வயரில் வோல்ட்டேஜ் வீணாகிறதா என்று பார்க்க, ஹெட்லைட் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தேன். 0.2 வோல்ட்தான் வித்தியாசம். எர்த் பக்கம் அதைவிடக் குறைவு. பேட்டரி பின்னாலும் எஞ்சின் முன்னாலும் இருப்பதால் இந்த வண்டியில் கேபிள் நீளம். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகக்கூடாது.

அடுத்து, அதே பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம், அளக்கும் பக்கம் திருப்பினேன். 0.8 வோல்ட் காட்டியது. நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1-க்குக் கீழே இருக்கும். ஆல்டர்னேட்டர் உண்மையில் உண்டாக்குவது ஏசிதான். அதை ஆறு டயோட்கள் டிசி ஆக்குகின்றன. இந்த வகையில் உள்ளே சுழலும் ரோட்டரின் காந்தச் சுருளுக்கு, அதாவது பீல்டுக்கு, என்று தனியாக இன்னும் மூன்று சின்ன டயோட்கள் உண்டு. ஆக மொத்தம் ஒன்பது. இவற்றில் ஏதாவது போனால் ஏசி கலந்து வரும், வெளியீடும் குறையும்.

அண்ணன் சொன்ன அந்த மங்கலான சிவப்பு லைட்டும் இதையேதான் சொன்னது. அந்த விளக்கின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரியோடு, மறுபக்கம் ஆல்டர்னேட்டரின் இண்ட் என்ற முனையோடு. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் விளக்கு வழியாக ரோட்டருக்குப் போகிறது, விளக்கு எரிகிறது. ஆல்டர்னேட்டர் வேலை தொடங்கியதும் அந்த மூன்று சின்ன டயோட்கள் இண்ட் முனையிலும் பேட்டரி அளவுக்கு வோல்ட்டேஜைக் கொண்டுவந்துவிடும். இரண்டு பக்கமும் சமம் ஆனதும் விளக்கு அணையும். லேசாக எரிகிறது என்றால் இரண்டு பக்கமும் சமமாகவில்லை.

கழற்றிப் பார்த்தபோது டயோட் பிளேட்டில் பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் எந்தத் திசையிலும் கடத்தவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்து முடியும் தறுவாயில். பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கில் நகத்தை வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரத்தது. எத்தனையோ பத்தாண்டு உழைத்த யூனிட். அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. டயோட் பிளேட் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றியிருப்பேன். எல்லாம் ஒன்றாகத் தேய்ந்திருந்ததால் வேறொன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

பேச்சோடு பேச்சாக அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: "கோடைக்குப் பிறகு காலமை ஸ்டார்ட் பண்ணினா ஒருக்கா நல்லா ரேஸ் குடுத்தாத்தான் அந்த லைட் விடும்." பழைய ஆல்டர்னேட்டர், அப்படித்தான் இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

தவறி வந்த மூன்று

இந்த நாட்டில் உதிரிபாகக் கடையில் முதல் கேள்வி வண்டியின் பதிவெண். அண்ணன் எண்ணைச் சொன்னதும் திரையில் 1966 என்று வந்தது. கடைக்காரர் சி40 டைனமோவை எடுத்து மேசையில் வைத்தார். அவர்மேல் தப்பில்லை. பத்திரத்தின்படி அதுதான் இந்த வண்டியின் பாகம். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது, வேறொரு விற்பனையாளரிடம் தபாலில் வரவழைத்தது. "எம்ஜிபி, 1968 முதல்" என்று போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் பின்மூடியைப் பார்த்தேன். பீல்டு முனைகள் வெளியே தெரிந்தன. உள்ளே ரெகுலேட்டர் இல்லை. 16ஏசி! ஓரிரு வருடம் மட்டுமே வந்த அந்த வகையைப் புதுப்பித்து அனுப்பியிருந்தார்கள். 1968 வண்டி ஒன்றை அப்படியே ஆதியில் இருந்தபடி வைத்திருப்பவருக்கு இது பொக்கிஷம். நம் வண்டியில் 4டிஆர் பெட்டியே கிடையாது. இதை மாட்டினால் பீல்டை யார் கட்டுப்படுத்துவது? திருப்பி அனுப்பினோம்.

மூன்றாவது 18ஏசிஆர். ரெகுலேட்டர் உள்ளேயே இருந்தது, 45 ஆம்பியர். பெயின்ட் வாசனை மாறாமல் பளபளவென்று வந்தது. பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில், புல்லி என்னைப் பார்க்கிற மாதிரி, போல்ட் போக ஓட்டை உள்ள கீழ்க் காதுகள் மேசையில் படும்படி நிறுத்தினேன். பெல்ட்டை இறுக்கும் போல்ட் போகிற மேல் காது பழையதில் ஒரு பக்கம், புதியதில் எதிர்ப்பக்கம். எஞ்சினில் மாட்டினால் அந்தக் காது இறுக்கும் பட்டையை நோக்கி வராமல் பிளாக்கை நோக்கித் திரும்பியிருக்கும்.

இதை இந்தத் தொழிலில் இடக்கை, வலக்கை என்பார்கள். ஒரே 18ஏசிஆர், ஒரே ஆம்பியர், ஒரே பிளக்; முன்பிராக்கெட்டின் வார்ப்பு மட்டும் வேறு. லூகாஸ் இந்த ஆல்டர்னேட்டர்களை எம்ஜிபிக்காக மட்டும் செய்யவில்லை. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கும் இதுவே போனது. எந்த எஞ்சினில் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதைப் பொறுத்துக் காதுகள் மாறின. படத்தில் பார்த்து வாங்குகிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

இந்த மூன்று முறையும் எங்களைக் காப்பாற்றியது பழைய யூனிட் கையில் இருந்ததுதான். புதுப்பித்த ஆல்டர்னேட்டர் வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்துக்காக அவசரப்பட்டுப் பழையதை முதலில் அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதியது வண்டியில் ஏறி, ஓடி, 14 வோல்ட் காட்டும்வரை பழையதை விடவே கூடாது. பொருத்திப் பார்க்க உலகத்திலேயே நம்பகமான அளவுகோல் அதுதான்.

வண்டியைக் கேட்டோம்

மூன்றாவது பெட்டியையும் திருப்பி அனுப்பிய அன்று கராஜில் உட்கார்ந்து, இதுவரை செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். பதிவெண், ஆண்டு, மாடல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன்.

முதலில் எர்த். பின்தரைப் பலகையைத் தூக்கி, பாடியில் போல்ட் போட்ட கேபிள் பேட்டரியின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தேன். நெகட்டிவ். மீட்டரிலும் உறுதி செய்தேன். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இந்த ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோட்கள் நேர்த்திசையில் பேட்டரிக்குக் குறுக்கே விழுந்து, ஒரு கண் சிமிட்டலில் கருகிவிடும். யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்ற சொல்லை மட்டும் நம்பி இதில் இறங்கக்கூடாது.

இரண்டாவது, பிளக். வண்டியின் பிளக்கில் மூன்று வயர்: கனமான பிரவுன், மெல்லிய பிரவுன், மஞ்சள் கோடு போட்ட பிரவுன். லூகாஸ் வயரிங்கில் வெறும் பிரவுன் என்றால் பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வருவது. மஞ்சள் கோடு உள்ளது சிவப்பு விளக்கின் வயர். மெல்லிய பிரவுன் பேட்டரியின் வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்குக் காட்டும் வயர். அதாவது பழைய யூனிட் பேட்டரியைப் பார்த்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் வகை. பின்னாளில் வந்தவை தன் வெளியீட்டையே பார்த்துக்கொள்ளும். அவற்றில் அகலமான 9.5 மில்லி பிளேடு இரண்டு, 6.3 மில்லி பிளேடு ஒன்று. அகலமான இரண்டும் உள்ளே ஒன்றுதான், சின்னது இண்ட்.

இங்கே ஒரு விபத்து காத்திருக்கிறது. மெல்லிய பிரவுனின் முனையும் 6.3 மில்லிதான். அளவு பொருந்துகிறதே என்று அதை இண்ட் பிளேடில் செருகினால் எஞ்சின் நின்ற பிறகும் ரோட்டருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ரோட்டரின் மின்தடை நாலு ஓம் அளவுதான். கிட்டத்தட்ட 3 ஆம்பியர், இரவு முழுக்க. காலையில் செல்ப் மோட்டார் டக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். புது ஆல்டர்னேட்டர் மோசம் என்று சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, எத்தனை ஆம்பியர் வேண்டும்? மழை பெய்யும் குளிர்கால இரவை வைத்துக் கணக்குப் போட்டேன். டிப் விளக்கு இரண்டும் 110 வாட். முன், பின், நம்பர் பிளேட் சின்ன விளக்குகள் 30. டாஷ்போர்டு 10. இக்னிஷன் 40. பெட்ரோல் பம்ப் 20. ஹீட்டர் காற்றாடி 50. வைப்பர் 40. மொத்தம் 300 வாட், 13.5 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர். சி40 டைனமோவின் முழு வெளியீடும் இதற்கே சரியாகப் போயிருக்கும், பேட்டரிக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பிரேக் விளக்கு, போன் சார்ஜர் சேர்த்தால் இன்னும் நாலைந்து. 34 ஆம்பியர் சாலையில் ஓடும்போது போதும். ஆனால் அந்த எண் ஆல்டர்னேட்டர் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது தருவது. சிக்னலில் நிற்கும்போது அதில் பாதி வந்தாலே பெரிது. அதனால் 45 ஆம்பியர் என்று குறித்துக்கொண்டேன்.

55, 65, 70 ஆம்பியரில் லூகாஸ் ஏ127 என்ற பிந்திய வகையும் கிடைக்கிறது, பலர் அதையே பரிந்துரைக்கிறார்கள். எலக்ட்ரிக் கூலிங் ஃபேன், பெரிய ஸ்டீரியோ வைத்தவர்களுக்கு அது நியாயம். இந்த வண்டியில் இரண்டும் இல்லை. அதைப் போட்டால் ஆல்டர்னேட்டரிலிருந்து செல்ப் சொலினாய்டுக்குப் போகும் பிரவுன் வயரையும் கனமாக்கவேண்டும். ஐம்பது வருஷத்துக்கும் மேலான வயரிங்கைத் தேவையில்லாமல் ஏன் சூடாக்குவது? டைனமோ உறைக்குள் ஆல்டர்னேட்டரை ஒளித்துச் செய்த யூனிட்களும் விற்கிறார்கள். ஆதி உருவம் வேண்டுகிறவர்களுக்கு அழகான வழி, விலைதான் அதிகம்.

நாலாவது, காது எந்தப் பக்கம், எத்தனை அகலம், கீழ்க் காதுகளுக்கு இடையே எவ்வளவு தூரம். ஐந்தாவது, புல்லி. இதை அளந்தபோதுதான் பழைய மாற்றத்தில் என்ன செய்திருந்தார்கள் என்று விளங்கியது. சி40 டைனமோ நீளம்; ஆல்டர்னேட்டர் குட்டை. பின்பக்க பிராக்கெட்டை மாற்றாமல், இடைவெளிக்குக் கடைசல் போட்ட ஒரு இரும்புக் குழாயை ஸ்பேசராக வைத்திருந்தார்கள். புல்லியும் டைனமோவின் பெரிய புல்லியாக இல்லாமல், ஆல்டர்னேட்டருக்கான சின்ன புல்லியாக இருந்தது. நல்லவேளை. பெரிய புல்லி என்றால் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும். நின்றிருக்கும்போது சார்ஜ் இன்னும் குறையும்.

இந்தத் தாளோடு நகரத்துக்கு வெளியே, ஸ்டார்ட்டரும் டைனமோவும் சுற்றிக்கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். பெரியவர் ஒருவரும் ஒரு பையனும்தான். பெரியவர் என்ன வண்டி என்றே கேட்கவில்லை. பழைய யூனிட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த எர்த், எத்தனை வயர், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று மூன்றே கேள்வி. தாளை நீட்டினேன். அலமாரியிலிருந்து 18ஏசிஆர் ஒன்றை எடுத்தார். அதுவும் எதிர்க்கைதான்! மூன்று நீள போல்ட்டைக் கழற்றி முன்பிராக்கெட்டை எடுத்துவிட்டு, இன்னொரு பிராக்கெட்டைத் தேடிப் புது பேரிங்கோடு ஏற்றினார். எங்கள் பழைய புல்லியையும் விசிறித் தட்டையும், ஷாஃப்டில் நழுவாமல் பிடிக்கும் சின்னச் சாவித் துண்டோடு கழற்றி அதன் ஷாஃப்டில் போட்டார். டெஸ்ட் பெஞ்சில் கட்டிச் சுற்றிக் காட்டினார், 14.2 வோல்ட்டில் முள் அசையாமல் நின்றது. முன்பு வாங்கித் திருப்பிய இரண்டையும்விட விலை குறைவு. கை நடுங்காமல் அவர் பிராக்கெட்டை உட்கார வைத்ததை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்ட பட்டறைகள் குறைந்துகொண்டே போகின்றன. உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

மாட்டியதும், மிச்சமிருந்த ஒன்றும்

பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் வேலை. பழைய பிளக்கை வெட்டிவிட்டு, கனமான பிரவுனை ஓர் அகலமான பிளேடுக்கும், மெல்லிய பிரவுனுக்கு 9.5 மில்லி முனை அடித்து இன்னோர் அகலமான பிளேடுக்கும், மஞ்சள் கோடு போட்டதை இண்டுக்கும் புது பிளக்கில் ஏற்றினேன். மெல்லிய பிரவுன் இப்போது கனமானதற்குத் துணையாக ஓடுகிறது, கெடுதல் இல்லை.

பின்காதுக்குள் ஒரு வளையம் வழுக்கி நகரும்படி இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது அந்த வளையம் நகர்ந்து பிராக்கெட்டோடு ஒட்டி இடைவெளியை எடுத்துக்கொள்ளவேண்டும். பெயின்ட் அடித்த யூனிட்களில் அது ஒட்டிப்போயிருக்கும். அப்படியே இறுக்கினால் அலுமினியக் காது உடையும். இதில் லேசாகத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நகர்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்கினேன். நேரான இரும்புப் பட்டை ஒன்றை கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்துப் பார்த்ததில் ஆல்டர்னேட்டர் புல்லி 3 மில்லி பின்னால் இருந்தது. வாஷரையும் பின்னால் இருந்த ஸ்பேசரையும் சரிசெய்து இரண்டு புல்லியையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். பெல்ட்டை இறுக்க நெம்பும்போது கம்பியை முன்பிராக்கெட்டில் மட்டும்தான் கொடுக்கவேண்டும்; நடுவிலோ பின்னாலோ கொடுத்தால் உள்ளே அசையாமல் நிற்கும் சுருளான ஸ்டேட்டர் நசுங்கும்.

சாவி போட்டதும் சிவப்பு லைட் எரிந்தது. ஸ்டார்ட் ஆனது. லைட் அணையவில்லை. மீட்டரில் 12.5 வோல்ட்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தேன். 3000 தாண்டியதும் லைட் பட்டென்று அணைந்தது, மீட்டர் 14.2-க்கு ஏறியது. பிறகு எஞ்சின் மெதுவாக ஓடினாலும் அங்கேயே நின்றது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கதை. அப்போதுதான் அவர் முன்பு சொன்ன ரேஸ் கொடுக்கும் பேச்சு ஞாபகம் வந்தது.

"அண்ணா, கோடையில டாஷ்போர்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"பல்பு எல்லாம் எல்ஈடி போட்டனான் தம்பி. நல்ல வெளிச்சம்."

அதேதான். சிவப்பு விளக்குக்கு இந்த ஏற்பாட்டில் எச்சரிக்கை ஒரு வேலை, ரோட்டருக்கு முதல் மின்சாரம் கொடுப்பது இன்னொரு வேலை. 2.2 வாட் இழை பல்பு வழியாக 0.18 ஆம்பியர் அளவு போகும். ரோட்டரைக் காந்தமாக்க அது போதும். எல்ஈடி வழியாகப் போவது அதில் மிகச் சிறிய பங்கு. ரோட்டரில் மிச்சமிருக்கும் இயல்பான காந்தத்தை நம்பி, வேகம் ஏறிய பிறகே ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது. எல்ஈடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் சரியாகிவிடும். அண்ணன் பழைய 2.2 வாட் திருகு பல்பை ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதையே போட்டோம். அடுத்த ஸ்டார்ட்டில், எஞ்சின் பிடித்த அதே கணத்தில் லைட் அணைந்தது.

முதல் நாளே அந்தப் பேச்சைப் பிடித்திருந்தால் இதைத் தனியாகச் சரிசெய்திருப்பேன். இரண்டு பழுது ஒரே விளக்கில் பேசிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கேட்டேன், மற்றதைக் கேட்கவில்லை.

அன்று இரவு எடுத்த அளவுகள்: 800 ஆர்பிஎம்மில் டிப் விளக்கு, ஹீட்டர், வைப்பர் எல்லாம் போட்டு 13.3 வோல்ட். 2500-ல் அதே சுமையோடு 14.0. சுமை இல்லாமல் 14.2. ஏசி கலப்பு 0.03. ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே முழுச் சுமையில் 0.3. மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்தபோதும் இதே எண்கள்தான்; பெல்ட் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்ததை இறுக்கினேன்.

பட்டறைப் பெரியவர் பழைய 16ஏசிஆரை விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றார், அண்ணன் கொடுக்கவில்லை. டயோட் பிளேட், பிரஷ், இரண்டு பேரிங் வாங்கி, அடுத்த சனிக்கிழமை என் மேசையில் அவரே உட்கார்ந்து, நான் பக்கத்தில் நிற்க, அதைப் புதுப்பித்தார். அது இப்போது அவருடைய கராஜ் அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. ஆர்பி340 பெட்டியின் மூடிக்குள், வயர் எது எங்கே போகிறது, எர்த் எந்தப் பக்கம், காது எந்தக் கை, பல்பு எத்தனை வாட் என்று எழுதிய தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறோம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அவருக்குப் பிறகு இந்த வண்டி யாரிடம் போகும் என்று தெரியாதல்லவா.